முத்துலிங்கத்தின் ஜீப்பும் சுதாகரனின் வாயும்

முத்துலிங்கத்தின் ஜீப் விலைபோகாமல் கிடந்ததற்கு முழுக் காரணமும் சுதாகரன்தான். ஹட்டன் டவுனுக்கு அது பிந்தித்தான் தெரியவந்தது. தெரிந்தபோது அவன் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேச அங்கே யாரும் மிச்சமிருக்கவில்லை.

சுதாகரன் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அப்பா செல்லசாமிக்கு பேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. தோட்ட வேலைக்குப் பேர் பதியமாட்டேன் என்று அடம்பிடித்த மகன் லொறி கிளீனராக ஏறி, கழுவிக் கழுவியே ஓட்டக் கற்று, லைசன் எடுத்து, கடைசியில் ஹட்டனில் சிமெந்து, இரும்பு, கூரைத்தகடு விற்கும் முத்துலிங்கத்திடம் டிரைவராக வந்து சேர்ந்தான். முத்துலிங்கம் அப்போதுதான் அந்த வெள்ளை ஜப்பான் ஜீப்பை இறக்கியிருந்தார். ஏழு பேர் தாராளமாக உட்காரும் பெரிய டீசல் வண்டி. கல்யாணத்துக்கும் தேர்தல் கூட்டத்துக்கும் ஆட்கள் அதைக் கேட்டு வருவார்கள். ஓட்டுவது முதல் கழுவுவதுவரை பத்து வருடத்துக்கு மேல் அது சுதாகரனின் கையில்தான் இருந்தது. தன் சட்டைப் பித்தான் அறுந்து தொங்கினாலும் கண்டுகொள்ளாதவன், ஜீப்பின் கதவு ரப்பர் கொஞ்சம் விரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவான். ஒயில் மாற்றும் நாள் தள்ளிப்போனால் மொதலாளியோடு சண்டை பிடிப்பான்.

நாட்டில் டீசல் இல்லாமல் போன அந்த வருடத்தில்தான் எல்லாம் கெட்டது. பெட்ரோல் செட் வாசலில் இரவு பகலாக வண்டியிலேயே கிடந்து சுதாகரன் டீசல் பிடித்துவருவான். முத்துலிங்கம் அதில் பாதியைக் கேன்களில் ஊற்றிக் கடைக்குப் பின்னால் பூட்டி வைப்பார். ஒரு நாள் ஒரு கேன் காலியாகக் கிடந்தது. கடை நிறைய ஆட்கள் நிற்கையில் முத்துலிங்கம் அவனைக் கூப்பிட்டார்.

"குடிச்சியா, வித்தியா?"

"என்னாது மொதலாளி?"

"நடிக்காத. தோட்டத்தான கொண்டாந்து கடைக்குள்ள விட்டது என் புத்திக்கொறவு. சாவிய வச்சிட்டுப் போ."

சுதாகரன் அந்தக் கேனைத் தொட்டதில்லை. தொட்டது யாரென்று கடைசிவரை எவருக்கும் தெரியவுமில்லை. அவன் சாவியைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு இறங்கினான். வாசலில் சிமெந்து வாங்க நின்றவர்களில் அவனோடு படித்தவன் ஒருவனும் இருந்தான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதைத்தான் சுதாகரனால் நெடுநாளைக்கு மறக்க முடியவில்லை.

அதன்பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஒன்றில் சம்பளத்துக்கு ஏறினான். மனைவி சுதர்ஷினி அப்போது குவைத்தில் வீட்டுவேலையில் இருந்தாள். டவுனில் பாதிப்பேர் அவன் டீசல் எடுத்திருக்கமாட்டான் என்றே நம்பினார்கள். வண்டி விஷயத்தில் அவன் சொல்லுக்கு இருந்த மதிப்பும் குறையவில்லை.

அடுத்த வருடம் முத்துலிங்கம் சின்னக் கார் ஒன்றுக்கு மாறி, ஜீப்பின் பின் கண்ணாடியில் விற்பனைக்கு என்று எழுதி ஒட்டினார். புது வாகனம் இறக்குமதி நின்றிருந்த காலம். பாவித்த ஜீப்புக்கே அடிபிடி. கந்தப்பளையில் கரட், லீக்ஸ் மொத்த வியாபாரம் செய்யும் அழகன் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு நேரே வேன் நிற்கும் இடத்துக்கு வந்து சுதாகரனைப் பிடித்தார்.

"தம்பி, மொதலாளியோட ஜீப்ப நீதான் ஓட்டினியாம். வாங்கலாமா?"

"ஒங்க காசுண்ணே. நான் என்னத்தச் சொல்ல."

"அட, ஒளிக்காம சொல்லு. என்ஜின் எப்புடி?"

அந்த என்ஜினின் மூடியை எந்த மெக்கானிக் பாஸும் திறந்ததில்லை. இறம்பொடை ஏற்றத்தில் ஏழு பேரையும் மூட்டைகளையும் வைத்து ஏறினாலும் சூட்டுமுள் பாதியைத் தாண்டாது. சுதாகரனுக்கு அது தன் உள்ளங்கைபோலத் தெரியும். கூடவே, கடைவாசலில் திரும்பிக்கொண்ட அந்த முகமும் நினைவுக்கு வந்தது.

"இறம்பொட ஏத்தத்துல ரெண்டு தடவ கொதிச்சிருக்குண்ணே. ஹெட்டக் கழட்டி வேல செஞ்சது. இப்ப பூசி மெழுகி வச்சிருக்காங்க. நீங்க நல்ல மனுசன், அதான் சொல்றேன்."

அழகன் அவன் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அன்று இரவு சுதாகரன் வயிறாரச் சாப்பிட்டான்.

அடுத்து வலப்பனையிலிருந்து ஒருவர். பிறகு நுவரெலியாவில் ஹோட்டல் வைத்திருந்த ஒரு சிங்களவர். எல்லோரும் ஜீப்பைப் பார்த்த கையோடு டிரைவரைத் தேடினார்கள். சிங்களத்தில் கேட்டவருக்குச் சிங்களத்திலேயே அதே கதையைச் சொன்னான். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் வளர்ந்தது; கியர்பெட்டியும் சேர்ந்துகொண்டது. குவைத்திலிருந்து சுதர்ஷினி போன் எடுத்தபோது, "அந்தாளு கொதிச்ச வண்டிய எவன் தலையிலயோ கட்டப் பாக்குறாரு" என்று அவளுக்கும் அதையே சொன்னான். சில மாதங்களில் அவனிடம் கேட்கவேண்டிய தேவைகூட இல்லாமல் போனது. முத்துலிங்கத்தின் ஜீப்பா, அது கொதித்த வண்டி என்று டீக்கடையிலேயே சொல்லி அனுப்பினார்கள்.

முத்துலிங்கம் ஒரு மாலை வேன் நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டார். பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"என் வண்டியப் பத்தி என்னடா சொல்லிக்கிட்டுத் திரியிற?"

"நீங்க என்னையப் பத்திச் சொன்னதவிட கம்மியாத்தான் சொல்லியிருக்கேன்."

"கள்ளன்னு சொன்னேன். இப்பவும் சொல்றேன்."

"நானும் கொதிச்ச வண்டின்னு சொன்னேன். இப்பவும் சொல்றேன்."

முத்துலிங்கம் காறித் துப்பிவிட்டுப் போனார். விலையைக் குறைத்தார், அப்போதும் யாரும் வரவில்லை. விலையைக் குறைத்ததே வண்டி கெட்டதற்கு அத்தாட்சி என்றார்கள். கடைசியில் கண்ணாடியில் ஒட்டிய தாளைக் கிழித்துப்போட்டு, ஜீப்பைச் சிமெந்துக் களஞ்சியத்தின் ஓரம் தள்ளி, மேலே ஒரு தறப்பாளைப் போட்டு, வீம்புக்கு அப்படியே விட்டுவிட்டார்.

அது அங்கே கிடந்த காலத்தில் சுதர்ஷினி குவைத்திலிருந்து முடித்துக்கொண்டு வந்தாள். அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்துச் சம்பாதித்த காசு. அதை எங்கே போடுவதென்று அவள் விமானம் ஏறும் முன்பே முடிவு செய்திருந்தாள். ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கும் சுற்றுலாக்காரர்களைப் பெரிய ஜீப்பில் ஏற்றி, இறம்பொடை அருவி, அனுமார் கோயில், நுவரெலியா என்று ஹயர் ஓட்டவேண்டும். வண்டி அவள் பேரில் இருக்கும், ஓட்டுவது புருஷன்.

இருவரும் ஜீப் பார்க்கக் கிளம்பினார்கள். போன இடமெல்லாம் சண்டையில் முடிந்தது.

கம்பளையில் ஒரு வண்டி கண்ணாடிபோல மின்னியது. மீட்டரில் ஓட்டம் குறைவாகத்தான் காட்டியது. சுதாகரன் குனிந்து பிரேக் மிதியின் ரப்பரைப் பார்த்தான். வரியே இல்லாமல் வழவழவென்று தேய்ந்திருந்தது. டிரைவர் சீட்டின் ஏறும் பக்கம் உள்ளே அமுங்கியிருந்தது. "மீட்டர எத்தன தடவ திருப்பினீங்க?" என்று நேரடியாகவே கேட்டான். உரிமையாளன் கேட்டைத் திறந்து வெளியே கையைக் காட்டினான்.

நாவலப்பிட்டியில் இன்னொன்று. சுதாகரன் சீட் பட்டியைக் கடைசிவரை இழுத்தான். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேறு. வெள்ளத்தில் நின்ற வண்டி என்று அவன் சொன்னதும் புரோக்கர் சட்டையைப் பிடிக்க வந்தான். நுவரெலியாவில் பார்த்த வண்டிக்கு, இவர்கள் போகும்போதே பொனட் சுட்டது. குளிர்ந்த என்ஜின் எப்படிப் பிடிக்கிறது, என்ன புகை விடுகிறது என்று தெரியாமல் இருக்க முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார்கள். "நாளைக்கு விடியக் காலைல வர்றோம், அதுவரைக்கும் தொடாம வைங்க" என்றான். "வாங்குற மூஞ்சியப் பாரு" என்றாள் அந்த வீட்டுக்காரி.

திரும்பும் பஸ்ஸில் சுதர்ஷினி வெடித்தாள்.

"எல்லாமே ஒங்களுக்குச் சொத்த வண்டிதான். எனக்கு வண்டி வாங்கிக் குடுக்கவே ஒங்களுக்கு மனசில்ல. ஒலகத்துல நல்ல ஜீப்பே கெடையாதா?"

"இந்தப் பக்கம் ஒன்னே ஒன்னு இருக்கு."

"எது?"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அலைச்சலும் அவமானமும் சேர்ந்து அவன் வாயைத் திறந்துவிட்டன.

"முத்துலிங்கத்தோடது."

அவள் அவனையே பார்த்தாள். "அது கொதிச்ச வண்டின்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க?"

"கொதிக்கல."

"அப்ப பொய்யா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.  ஹட்டனில் இறங்கும்போது அவள், "என்கிட்டயுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அவனிடம் சொல்லாமலே சுதர்ஷினி முத்துலிங்கத்தின் கடைக்குப் போய் ஜீப்பின் விலையைக் கேட்டாள். முத்துலிங்கம் முதலில் ஆளைப் புரியாமல் விழித்தார். சுதாகரனின் மனைவி என்று தெரிந்ததும், கல்லாவில் கையூன்றி எழுந்து நின்று, கடையே திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

"இப்பத்தானே வெளங்குது! வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் வண்டி கெட்டதுன்னு சொன்னது எதுக்குன்னு இப்பத்தானே வெளங்குது! பொண்டாட்டி காசு வர்ற வரைக்கும் வெலய எறக்கி வச்சிருக்கான்யா!"

அன்று மாலைக்குள் டவுன் முழுக்க அதுதான் பேச்சு. சுதாகரன் அப்படித் திட்டமிட்டவன் இல்லை. அவனுக்கு இருந்ததெல்லாம் காழ்ப்பு மட்டும்தான். ஆனால் அதை எடுத்துச் சொன்னால் இன்னும் கேவலம். அழகன் கந்தப்பளையிலிருந்து போன் எடுத்து, "ஒன்னைய நம்பிக் கையப் புடிச்சிட்டுப் போனேனேடா நாயே" என்றார். டீசல் எடுத்திருக்கமாட்டான் என்று சொல்லிவந்தவர்களும் இப்போது, எடுத்திருப்பான், எடுக்கக்கூடியவன்தான் என்றார்கள்.

சுதர்ஷினியின் பிடிவாதத்தால் ஜீப்பைப் பார்க்க இருவரும் போன நாளில் முத்துலிங்கம் சாவியை அவள் கையில் கொடுத்தார். சுதாகரன் நின்ற பக்கமே அவர் பார்க்கவில்லை. தறப்பாளை இழுத்தார்கள். களஞ்சியத்துச் சிமெந்துத் தூசி, பனியும் மழையும் பட்டு, வண்டியின் அடிப்பக்கமெல்லாம் பாறையாக இறுகியிருந்தது.

சுதாகரன் போன் வெளிச்சத்தோடு வண்டிக்கு அடியில் படுத்தான். கையிலிருந்த திருப்புளியால் சிமெந்துப் பொருக்கைத் தட்டினான். அதோடு துருவும் செதில் செதிலாக விழுந்தது. பின்சக்கரங்களுக்கு பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய் கொப்புளம் கொப்புளமாக ஊதியிருந்தது. தரைத்தகடு ஓர் இடத்தில் விரலுக்கு உள்வாங்கியது. மேலே வந்து பொனட்டைத் திறந்தால் வயர்களை எலி கடித்திருந்தது. டயர்களில் பக்கவாட்டு வெடிப்பு. அவன் ஒப்படைத்துவிட்டுப் போன வண்டியில் இதில் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கே அழகன் வாங்கியிருந்தால் இது இப்போதும் கந்தப்பளை ரோட்டில் கரட் வியாபாரத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்த எண்ணம் வந்ததும் அவன் அதைத் தள்ளிவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைக்கத் துப்பில்லாத மனுசன் என்று முத்துலிங்கத்தின் மேல் ஆத்திரத்தைத் திருப்பிக்கொண்டான்.

புது பெட்டரி வைத்துச் சாவியைத் திருப்பினார்கள். என்ஜின் முதல் தடவையிலேயே பிடித்தது. புகை இல்லை, தட்டல் இல்லை. சுதர்ஷினியின் முகம் மலர்ந்தது.

சுதாகரன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "என்ஜின் நல்லாத்தான் இருக்கு. மத்ததெல்லாம் போச்சு. நின்னு நின்னே கெட்டிருக்கு. வேணாம்."

முத்துலிங்கம் கைதட்டினார். "இன்னும் கொறக்கணுமாடா ஒனக்கு? ஒன் பொண்டாட்டி முன்னாடியே நடிக்கிறியே!"

"நான் நெசத்தத்தான் சொல்றேன். சுதர்ஷினி, அடியில வந்து பாரு. பிரேக் கொழாய் பூரா துரு."

அவள் அசையவில்லை. "பஸ்ஸுல நல்ல வண்டின்னீங்க. அதுக்கு முன்ன கொதிச்ச வண்டின்னீங்க. இப்ப வேற ஒன்னு. ஒங்களுக்கும் இவருக்கும் உள்ள பகையில என் காசு ஏன் கெடந்து சாகணும்?"

அவள் தானாகவே டிக்கோயா கராஜிலிருந்து பிரதாப் என்ற பாஸைக் கூட்டிவந்தாள். பிரதாப் என்ஜினை உறுமவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டான். "அக்கா, என்ஜின் தங்கம். மத்தது சில்லற வேல, நான் பாத்துக்குறேன்" என்றான். இந்த வண்டி வாங்கப்பட்டால் மாதக்கணக்கில் தன் கராஜுக்கு வேலை என்பது அவனுக்குத் தெரியும். சுதர்ஷினி அதே வாரம் ஜீப்பைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டாள். முத்துலிங்கம் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பிரதாப் வயர்களைக் கட்டினான், டயர் மாற்றினான், பிரேக் கட்டைகளைப் புதிதாகப் போட்டான், தரையில் தகடு வைத்து ஒட்டினான். பின்பக்க பிரேக் குழாயை மாற்றச் சொல்லி சுதாகரன் கராஜுக்குப் போய் நின்றபோது, "அது இன்னும் தாங்கும்ணே. அக்கா செலவக் கொறக்கச் சொல்லிட்டாங்க" என்றான். வீட்டில் கேட்டான். "ஒங்க பேச்சக் கேட்டு ஒருத்தன் வாங்கல, இன்னொருத்தன் விக்கல. நானும் கேக்கணுமா?" என்றாள் அவள்.

முதல் சில ஹயர்கள் நன்றாகவே போயின. பிறகு கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நுவரெலியா தாண்டி இறம்பொடைக்கு இறங்கினான். காசு வாங்கவும் ஆட்களைக் கவனிக்கவும் சுதர்ஷினி முன்சீட்டில் வந்திருந்தாள். லபுக்கலையைத் தாண்டி ரோடு வளைந்து வளைந்து இறங்கும் இடத்தில் பிரேக் மிதி திடீரென்று ஆழமாக இறங்கியது. துருப்பிடித்த பின் பிரேக் குழாய் வெடித்துவிட்டது. முன்சக்கரங்கள் மட்டும் பிடித்தன. நிறைந்த வண்டியின் பாரத்தில் அவையும் சூடேறி, அடுத்த வளைவுக்குள் பிடி நழுவத் தொடங்கியது. எரியும் வாடை வந்தது.

சுதாகரன் கியரைக் கீழே கீழே இறக்கினான். எதிரே பஸ் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. வலப்பக்கம் பள்ளம், இடப்பக்கம் மலை. பஸ் கடந்த கணத்தில் ஸ்டேரிங்கை இடப்பக்கம் ஒடித்து வண்டியை மண்மேட்டோடு உரசவிட்டான். தகடு கிழிபடும் சத்தத்தோடு கொஞ்சத் தூரம் தேய்ந்துபோய், முன்சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து ஜீப் சாய்ந்து நின்றது. பின்னாலிருந்த அம்மாள் ஒருவருக்கு நெற்றி வீங்கியது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அவர்கள் இறங்கி நின்று இருவரையும் வாயில் வந்தபடி ஏசிவிட்டு, வேறு வேன் பிடித்துப் போனார்கள்.

சுதர்ஷினி கானின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சுதாகரன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து, "சொன்னேன்ல?" என்றான். ஒரு தண்ணீர் போத்தலை நீட்டியிருக்கலாம். அவன் அதைத்தான் சொன்னான்.

அவள் மறுநாள் முத்துலிங்கத்தின் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டாள். அவர் கணக்குப் பார்ப்பதை நிறுத்தவே இல்லை.

"என்னம்மா, ஒன் புருஷன் வேணாம்னு சொன்னான்ல? என் முன்னாடிதானே சொன்னான்? அடியில வந்து பாருன்னு கூப்பிட்டான்ல? நீதானே கேக்கல. போ, போய் அவன்கிட்ட கேளு."

வீட்டுக்கு வந்தவள், சோற்றுப்பானையை இறக்கிக்கொண்டிருந்த சுதாகரன் முன்னால் நின்றாள்.

"அந்தாளு சிரிக்கிறாரு. நீங்க நெசம் சொன்னீங்களாம், நான்தான் கேக்கலயாம். வருசக்கணக்கா பொய் சொன்ன வாயி, அன்னிக்கு ஒரு நாளு நெசம் பேசுதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

"நீ வந்து பாத்திருக்கலாம்."

"நீங்க அழகண்ணன்கிட்ட அன்னிக்கே நெசத்தச் சொல்லியிருக்கலாம். அந்தக் கடையில ஒங்களக் கள்ளன்னு சொன்னப்ப நான் குவைத்துல அழுதேன். தெரியுமா? அந்தக் கண்ணீருக்கு இப்ப வெக்கமா இருக்கு."

அவன் பானையை வைத்துவிட்டு வெளியே போனான். அன்றிலிருந்து இருவரும் ஒரே வீட்டில் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

ஜீப்பைக் கண்டியில் பழைய வண்டி உடைக்கும் ஒருவனுக்கு விற்றார்கள். என்ஜினுக்குத்தான் அவன் விலை கொடுத்தான். மற்றதை இரும்பாக நிறுத்துக்கொண்டான். மிஞ்சியதோடு கொஞ்சம் கடனும் சேர்த்து சுதர்ஷினி ஒரு சின்ன வேன் வாங்கினாள். இந்தத் தடவை அடியில் படுத்துப் பார்த்தது அவளேதான். புடவையில் கிரீஸ் ஒட்டியதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஹட்டனில் ஓட்டப் பழக்கும் இடத்தில் இளவட்டங்கள் சிரிக்கச் சிரிக்கப் பழகி, முதல் தடவை தவறி, இரண்டாம் முறை லைசன் எடுத்தாள். இப்போது ஸ்டேஷனில் ஆள் ஏற்றுவது அவள்தான். மற்ற டிரைவர்கள் அவளுக்கு இடம் விடுவதில்லை. அவளும் யாருக்கும் விடுவதில்லை.

சுதாகரன் பள்ளிக்கூட வேனிலேயே இருக்கிறான். முத்துலிங்கத்தை ரோட்டில் கண்டால் இருவரும் எதிரெதிர்ப் பக்கத்துக்கு மாறிக்கொள்கிறார்கள். வண்டி வாங்க வருகிறவர்கள் இப்போது அவனைத் தேடுவதில்லை.

விடியற்காலையில் அவன் தன் வேலைக்குக் கிளம்பும் முன் அவளுடைய வேனின் பொனட்டைத் திறந்து, ஒயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் பிரேக் எண்ணெயையும் பார்த்து வைப்பான். யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. "எல்லாம் சரியா இருக்கு" என்று வாசலைப் பார்த்துச் சொல்வான். சுதர்ஷினி வெளியே வருவாள். அவன் மூடிய பொனட்டைத் திரும்பத் திறந்து, ஒயில் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துத் தானே ஒருமுறை பார்ப்பாள்.